ஒரு கிரவுண்டு மனையும் அதன் கழிவுநீரும்: மதுராந்தகம் வட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், ஏரிப் பாசனத்தில் சம்பா விளைந்துகொண்டிருந்த நன்செய்யைப் பிரித்துப் போட்ட ஒரு மனையில் இருக்கிறது. மனையின் அளவு கிழக்கு மேற்காக 60 அடி, தெற்கு வடக்காக 40 அடி, ஆக ஒரு கிரவுண்டு. தெரு கிழக்கில் உள்ளது. பாதாளச் சாக்கடை கிடையாது, வர வாய்ப்பும் இப்போதைக்கு இல்லை. தெருவோரத்தில் இருக்கும் மண் கால்வாய் மழைநீருக்கானது. அது கடைசியில் பாசன வாய்க்காலில் போய்ச் சேர்கிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் 2021 ஏப்ரலில் இந்த மனையை வாங்கினார். தானும் மனைவியும், மகன், மருமகள், பேரன் என ஐந்து பேர் இருக்கத் தரைத்தளம், வாடகைக்கு விட மேலே ஒரு தளம் என்பது அவருடைய எண்ணம்.

அவர் என்னிடம் வந்தபோது கட்டட வரைபடம் ஏறத்தாழ முடிந்திருந்தது. அறைகளின் அளவு, கதவு, ஜன்னல், பூஜை அறையின் திசை, மாடிப்படி எத்தனை படி என்பது வரை எல்லாம் முடிவாகியிருந்தன. கழிவுநீருக்கு அந்தத் தாளில் கிடைத்தது வடமேற்கு மூலையில் ஒரு சிறு செவ்வகமும் 'செ.டே.' (செப்டிக் டேங்க்) என்ற இரண்டு எழுத்தும் மட்டுமே. அதன் ஆழமோ, குழாய் எந்த மட்டத்தில் உள்ளே நுழைகிறது என்பதோ, நிரம்பி வழியும் நீர் எங்கே போகும் என்பதோ எழுதப்படவில்லை. எனக்குத் தெரிந்தவரை நம் ஊர்களில் பெரும்பாலான வீட்டு வரைபடங்கள் இப்படித்தான் இருக்கின்றன. அந்தச் செவ்வகத்தின் உண்மையான வடிவம் குழி தோண்டும் நாளில் மேஸ்திரி வாயால்தான் பிறக்கிறது.

மேஸ்திரியின் திட்டம் எளிமையானது: 10 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி ஆழத்துக்குக் குழி, நான்கு பக்கமும் செங்கல் சுவர், அடியில் தளம் போடாமல் மண்ணாகவே விட்டுவிடுவது. "அடியைப் பூச வேணாம் சார். தண்ணி தானா இறங்கிடும், பத்து வருஷத்துக்கு லாரி கூப்பிடற வேலையே இருக்காது" என்றார். வீட்டுக்காரருக்கும் இது பிடித்திருந்தது. கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடாமல் இருப்பதே நல்ல செப்டிக் டேங்கின் இலக்கணம் என்று பலரும் நம்புகிறார்கள். லாரியே வராத தொட்டி என்றால் உள்ளே விழுந்தது எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள், அந்த எங்கோ பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் இருக்கும் மண்ணடுக்கு.

நீர் இறங்கும் வேகம்

மண் நீரை உறிஞ்சும் என்பதற்குச் சான்றாக மேஸ்திரி ஏற்கெனவே ஒரு சோதனை செய்து காட்டியிருந்தார். சித்திரை வெயிலில் தோண்டிய நாலடிக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். ஐந்து நிமிடத்துக்குள் குழி காலியாகிவிட்டது. ஆசிரியர் அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, குழியின் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் தெரிந்தன. நன்செய்க் களிமண் கோடையில் காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளுக்குள் ஓடிய தண்ணீரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். மண் நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விடை.

செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470-இன் இரண்டாம் பாகம் இதற்காகவே ஒரு சோதனை முறையை வகுத்திருக்கிறது. உறிஞ்சும் அமைப்பு எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அந்த ஆழத்துக்கு 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் குழி எடுத்து, மண்வெட்டி தேய்த்து வழவழப்பான பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. பருமணல் பரப்பி, 30 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் நீரின் உயரத்தை 15 செ.மீ. ஆக்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எண். அது 30-க்குள் இருந்தால் உறிஞ்சுகுழி தோண்டலாம். 30 முதல் 60 வரை என்றால் ஆழமில்லாத பரவல் பள்ளம். 60-ஐத் தாண்டினால் நிலத்துக்குள் விடும் எண்ணத்தையே கைவிட வேண்டும்.

இரண்டு ஆழங்களில் சோதித்தோம். 1.2 மீட்டரில், ஒரு நாள் முழுக்க ஊறிய பிறகு, அரை மணி நேரத்தில் இறங்கியது 4 மி.மீ. அதாவது 25 மி.மீ. இறங்க மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மேஸ்திரியின் ஏழடிக் குழி முழுவதும் இந்தக் களியில்தான் நிற்கப் போகிறது. ஆனால் 40 செ.மீ. ஆழத்தில், பல தலைமுறையாக உழுது, எரு போட்டு, வேர் ஓடிய மேல்மண்ணில், 19 மி.மீ. இறங்கியது. கணக்கிட்டால் 25 மி.மீ.க்கு 40 நிமிடம். இந்த மனையில் நீரை ஏற்கும் மண் என்று ஒன்று உண்டென்றால் அது மேலே இருக்கும் அந்த ஒன்றரை அடிதான். வழக்கமான கட்டுமானத்தில் முதல் நாளே அதைத்தான் வழித்து ஓரத்தில் குவித்துவிடுகிறோம்.

நிலத்தடி நீர் மட்டத்தைப் பற்றி அந்த நிலத்தை முன்பு குத்தகைக்குப் பயிரிட்ட பெரியவரிடம் கேட்டோம். "கார்த்திகையில மண்வெட்டியப் போட்டா தண்ணி வரும் தம்பி" என்றார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை வட்டாரத்தில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். அப்போது போய்ப் பார்த்தேன். கோடையில் எடுத்த சோதனைக் குழியில், தரைக்கு 40 செ.மீ. கீழே நீர் நின்றது, ஓரத்தில் நண்டு வளை ஒன்றும் இருந்தது. மனை வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது மழைக்காலத்தில் அதன்மேல் நின்று பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த நண்டு வளையும் ஒரு காரணம்.

நான்கு மூலையும் நான்கு போர்களும்

அதே ஐ.எஸ். விதிப்படி, கழிவுநீரை மண்ணுக்குள் விடும் அமைப்பு எதுவும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும் இருக்க வேண்டும். ஆசிரியரின் வரைபடத்தில் போர் வாஸ்துப்படி ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், தெருப்பக்கம் இருந்தது. செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில், பின்புறம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 50 அடி, அதாவது 15 மீட்டர். கொஞ்சம் குறைவென்றாலும் சமாளிக்கலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது.

பிறகுதான் மனைப்பிரிவு முழுவதன் படத்தையும் விரித்துப் பார்த்தோம். இந்த மனைக்குப் பின்னால் முதுகோடு முதுகாக மேற்குப் பார்த்த மனைகளின் வரிசை ஒன்று இருக்கிறது. நேர் பின்மனையின் ஈசானி மூலை எது? நம் வடமேற்கு மூலையின் மறுபக்கம். அங்கே வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, போரும் போட்டாகிவிட்டது. வரைபடத்தின் செப்டிக் டேங்குக்கும் அந்தப் போருக்கும் நடுவில் இருந்தது ஒரு காம்பவுண்டுச் சுவரும் நான்கடி மண்ணும். தென்மேற்குக்கு மாற்றலாமா என்றால், அது பின்வரிசையில் அடுத்த மனையின் ஈசானி மூலை. காலி மனை, ஆனால் போர் வரும் இடம் தெளிவு. தென்கிழக்கில் தெற்கு வீட்டாரின் போர். வடகிழக்கில் நம்முடையது. எல்லோரும் ஒரே சாத்திரத்தைப் பின்பற்றினால் ஒவ்வொரு மனையின் நான்கு மூலையிலும் யாராவது ஒருவரின் போர் வந்து நிற்கும். வாஸ்துவை நான் குறை சொல்லவில்லை. அது ஒரு வீட்டை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டது, மனைப்பிரிவை அல்ல.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 40-க்கு 60 அடி மனையில் நான்கு மூலையிலிருந்தும் அதிகத் தூரத்தில் இருக்கும் புள்ளி அதன் நடு மையம். மையத்திலிருந்து மூலைக்கு 36 அடி, அதாவது 11 மீட்டர். ஆகவே 18 மீட்டர் என்ற இடைவெளி இந்த மனையில் எந்த இடத்திலும் கிடைக்காது, கூடத்தின் நடுவில் குழி தோண்டினாலும் கிடைக்காது. கட்டடத்திலிருந்து 6 மீட்டர் என்பதும் அப்படியே. ஒரு கிரவுண்டு மனைகளும் வீட்டுக்கொரு போரும் என்ற நம்முடைய வழக்கமான ஏற்பாட்டில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது வடிவக் கணக்கிலேயே இயலாத காரியம். இதை அனுமதி தரும் மேசையில் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இதற்கிடையில் மழைநீர் சேகரிப்புக் குழியையும் மேஸ்திரி செப்டிக் டேங்கிலிருந்து ஐந்தடி தூரத்தில் குறித்திருந்தார். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு இது. கூரையில் விழும் நல்ல நீரைக் கழிவுநீர் கசியும் இடத்தின் வழியாக நிலத்துக்குள் அனுப்புவது, போரை நாமே கெடுத்துக்கொள்வதற்குச் சமம். அதை முன்புறம், சொந்தப் போருக்கு அருகில் மாற்றினோம்.

மாற்றிய திட்டம்

ஆழமான குழியில் நீரை இறக்க மண் இடம் தரவில்லை, தூரமும் இடம் தரவில்லை. எனவே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. தொட்டி நீர் புகாத கான்கிரீட் பெட்டியாக இருக்கும். அதிலிருந்து வரும் நீர் ஒரு வடிகட்டி அறையைத் தாண்டும். அதன் பிறகு அது தரைக்கு மேலே அமைந்த மணல் மேட்டின் வழியாக, அந்த ஒன்றரை அடி மேல்மண்ணுக்கு மட்டும் கொடுக்கப்படும்.

தொட்டியின் அளவுக்கு ஐ.எஸ். 2470-இன் முதல் பாகத்தில் உள்ள அட்டவணையே போதுமானது. பத்துப் பேருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால், உள்ளளவு நீளம் 2 மீட்டர், அகலம் 0.9 மீட்டர், நீரின் ஆழம் 1.4 மீட்டர், நீருக்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம். கொள்ளளவு 2,520 லிட்டர். மேஸ்திரி சொன்ன குழியில் இது ஐந்தில் ஒரு பங்குதான். 2,000 லிட்டரைத் தாண்டுவதால் உள்ளே குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறையாக்கினோம். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. அதையடுத்து 0.7 மீட்டர் நீளத்துக்கு வடிகட்டி அறை: நீர் அடியிலிருந்து நுழைந்து 20 மி.மீ. ஜல்லியின் ஊடாக மேலே ஏறி வெளியேறும். ஜல்லியின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் மிச்ச அழுக்கில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

தொட்டி மிதக்கும் என்று சொன்னபோது ஆசிரியர் முதலில் சிரித்தார், பிறகு கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியளவு 3.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1.95 மீட்டர் உயரம். இதை முழுவதும் புதைத்துவிட்டால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைவரை ஏறும்போது தொட்டியை மேலே தள்ளும் விசை சுமார் 7.25 டன். வெறும் தொட்டியின் எடை சுமார் 7.5 டன். லாரி வந்து கசடை உறிஞ்சி எடுத்த மறுநாள் பெருமழை பெய்தால் இரண்டும் சமநிலைக்கு வந்துவிடும், குழாய் இணைப்புகள் விரிசல் விடும். ஆயத்தமாக விற்கும் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்; 2,000 லிட்டர் தொட்டியின் எடை கிலோக் கணக்கில்தான், தள்ளும் விசையோ இரண்டு டன். அதனால் கான்கிரீட் தொட்டியின் மேல்பகுதி தரைக்கு மேல் 45 செ.மீ. தெரியும்படி ஏற்றி வைத்தோம். நீரில் மூழ்கும் உயரம் 1.5 மீட்டராகக் குறைந்தது, தள்ளும் விசை 5.6 டன்னாக இறங்கியது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே அரையடி நீட்டி அதன்மேல் மண் போட்டதால் கூடுதல் பாரமும் கிடைத்தது. மேலே தெரியும் பகுதி இப்போது துணி துவைக்கும் கல்லாகப் பயன்படுகிறது; மூடிகள் மட்டும் மறைக்கப்படவில்லை.

இங்கிருந்துதான் வீட்டின் உயரமே முடிவாயிற்று. தொட்டியை ஏற்றியதால் அதற்குள் குழாய் நுழையும் மட்டம் பழைய தரையிலிருந்து 10 செ.மீ. மேலே வந்தது. 110 மி.மீ. பி.வி.சி. குழாய்க்கு 40-க்கு ஒன்று வாட்டம் கொடுத்தோம். முதல் வரைபடத்தில் ஒரு கழிப்பறை வீட்டின் முன்பக்கம் இருந்தது; அங்கிருந்து தொட்டிக்கு 14 மீட்டர் ஓட்டம், 35 செ.மீ. இறக்கம். கழிப்பறைத் தரைக்கும் அதன் அடியில் உள்ள குழாயின் அடிமட்டத்துக்கும் 45 செ.மீ. வேண்டும். கூட்டினால் வீட்டின் தரை பழைய நிலத்திலிருந்து 90 செ.மீ.க்குக் கீழே இருக்கவே முடியாது. மேஸ்திரி நினைத்திருந்த பேஸ்மட்டம் இரண்டடி, அதாவது 60 செ.மீ. அப்படியே கட்டியிருந்தால், குழாய்க்கு வாட்டம் கிடைக்காமல் தொட்டியை மீண்டும் நீருக்குள் இறக்க வேண்டி வந்திருக்கும். இரண்டு கழிப்பறைகளையும் மேற்குச் சுவரோரம் மாற்றினோம். மிக நீண்ட ஓட்டம் 6 மீட்டராகச் சுருங்கியது, தேவையான உயரம் 70 செ.மீ. ஆயிற்று. ஆனாலும் பேஸ்மட்டத்தை மூன்றரை அடியாக வைத்தோம். நம் ஊரில் தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் அது அரையடி உயர்கிறது, வீடுதான் பள்ளத்துக்குப் போகிறது. இதை அறியாதவர் யாருமில்லை.

பின்புறத்தில் 16 அடி வேண்டுமென்று கேட்டபோது வீட்டின் நீளம் 38 அடியிலிருந்து 34 அடியாயிற்று. கூடத்தில் நாலடி போனதை ஆசிரியரின் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. "மலத்துக்கு இடம் விட்டுட்டு மனுஷங்க நெருக்கிக்கிட்டு உக்காரணுமா சார்?" என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

நிலம் தாங்கும் ஆட்கணக்கு

அந்த மேல்மண் எவ்வளவு நீரை வாங்கும்? மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு: 130-ஐ, சோதனையில் கிடைத்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் ஏற்கும் லிட்டர் கிடைக்கும். 40 நிமிடத்துக்கு அது 20.6 லிட்டர். கழிப்பறை நீர் ஆளுக்கு 40 லிட்டர், குளியல், துணி, சமையலறை நீர் ஆளுக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஐந்து பேருக்குக் கழிப்பறை நீர் 200 லிட்டர், அதற்குத் தேவை சுமார் 10 சதுர மீட்டர். மற்ற நீர் 300 லிட்டர், அதற்கு 14.6 சதுர மீட்டர். பத்துப் பேர் என்றால் இரண்டும் சேர்ந்து 49 சதுர மீட்டர். பின்புறத்தில் இருக்கும் மொத்த இடமே 60 சதுர மீட்டர்தான். அதில் தொட்டியும் நடைபாதையும் போக 49 கிடைக்க வழியில்லை.

எனவே மாடி வீடு தள்ளிவைக்கப்பட்டது. தொட்டியைப் பிற்பாடு பெரிதாக்க முடியாது என்பதால் அதைப் பத்துப் பேருக்கும், மண்ணுக்கு நீர் விடும் பாத்திகளை ஐந்து பேருக்கும் அமைத்தோம். ஒரு மனையில் எத்தனை பேர் வாழலாம் என்பதைத் தள அளவோ கடன் தொகையோ மட்டும் முடிவு செய்வதில்லை, அதன் மேல்மண்ணும் முடிவு செய்கிறது என்பதை ஒரு வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டதை நான் முதன்முறையாகப் பார்த்தது இங்கேதான். மகனுக்கு இதில் உடன்பாடில்லை. "எல்லாரும் கட்டுறாங்களேப்பா" என்பது அவருடைய வாதம், அது பொய்யுமில்லை.

மணல் மேடு 5 மீட்டருக்கு 2 மீட்டர், பின்புறத்தின் தென்பாதியில். அங்கே மேல்மண்ணைத் தொடவே இல்லை. ஆட்களும் வண்டியும் மிதித்து இறுக்கிவிடாமல் இருக்கக் கட்டுமானம் முடியும்வரை முள்வேலி போட்டு வைத்தோம். அந்த மண்ணைக் கொத்திவிட்டு 60 செ.மீ. பருமணல், அதன்மேல் ஜல்லிக்குள் துளையிட்ட குழாய், மேலே மெல்லிய மண், அதில் கல்வாழை. சுற்றிலும் இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர். வடிகட்டியைத் தாண்டிய நீர் 500 லிட்டர் சேகரிப்புத் தொட்டியில் விழும். அங்கிருந்து ஒரு சிறிய மோட்டார் நாளில் நாலைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்கு ஏற்றும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் 40 செ.மீ.க்கு ஏறினாலும், அதற்கு மேலே மணலும் மண்ணும் சேர்ந்து ஒரு மீட்டர் காற்றோட்டமுள்ள அடுக்கு மிஞ்சும். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிவது அங்கேதான். புயல் நாளில் மின்சாரம் இரண்டு நாள் வராவிட்டாலும் சேகரிப்புத் தொட்டி தாங்கும்.

சமையலறை நீர் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் ஒரு சேம்பர் வழியாக, குளியல், துணி நீரோடு சேர்ந்து மேற்குச் சுவரோரம் வாழைப் பாத்திக்குப் போகிறது. வடமேற்கில் அண்டை வீட்டுப் போர் இருப்பதால் அந்த மூலையில் 2 மீட்டர் விட்டுவிட்டு மீதி நீளத்தில் 1.4 மீட்டர் அகலம். கணக்குக்குச் சற்றுக் குறைவான இடம்தான், தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். மேட்டுக்கும் சொந்தப் போருக்கும் 17 மீட்டர். பின்வீட்டுப் போருக்கு 7 மீட்டர் மட்டுமே. வீட்டுச் சுவருக்கு ஒன்றரை மீட்டர். விதி கேட்கும் தூரம் இவற்றில் எதிலும் இல்லை. களிமண்ணுக்குள் ஏழடி ஆழத்தில் நேராக நிலத்தடி நீரிலேயே கழிவைக் கலப்பதைவிட இது பல மடங்கு மேல் என்று மட்டுமே நான் சொல்ல முடியும், விதிப்படி அமைந்தது என்று சொல்ல முடியாது.

தொட்டியின் வாயுக்குழாய் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர் உயரம் போகிறது. ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி, லாரியின் குழாய் வடக்குச் சந்து வழியாக நேராக வந்து சேரும்படி. உள்ளே ஆள் இறங்குவதற்கான படி எதுவும் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். போதிய பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் செப்டிக் டேங்குக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும், மூடிய தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். எடுக்கும் கசடு போய்ச் சேர இந்தப் பகுதியில் ஓர் இடம் இருப்பது நல்வாய்ப்பு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறது; தமிழ்நாட்டில் இவ்வகையில் முதலாவது அதுதான். லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது.

குடியேறிய பிறகு

2022 ஆவணியில் குடியேறினார்கள். முதல் மழைக்காலம் தொல்லையின்றிப் போயிற்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது மேட்டின் அடியோரத்தில் ஒன்பது நாள் கசிவு தெரிந்தது. நாற்றம் இல்லை, ஆனால் ஈரம் பளிச்சென்று இருந்தது. அந்த நாட்களில் துணி துவைப்பதை நிறுத்திக் குளியல் நீரையும் குறைத்துக்கொண்டார்கள். வாழைப் பாத்தி முழுவதுமாக நீரில் நின்றது. அங்கிருந்து வழிந்தது தெருக் கால்வாய்க்குத்தான் போனது, மறைக்க ஒன்றுமில்லை. மோட்டாரின் மிதவைச் சுவிட்ச் ஒருமுறை பழுதாகி மாற்றப்பட்டது.

2024 கோடையில் தென்மேற்கில் இருந்த காலி மனைக்காரர் வீடு கட்ட வந்தார். அவருடைய ஈசானி மூலை நம் மணல் மேட்டிலிருந்து 2 மீட்டர். போருக்குப் பூசை போடுவதற்கு முந்தைய மாலை ஆசிரியர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மனைப்பிரிவுப் படத்தை விரித்து, மேற்குப் பார்த்த வீடுகள் எல்லாம் போரைத் தெருப்பக்கம் கொண்டுபோனால், நம் பின்சுவரிலிருந்து 60 அடி, அதாவது 18 மீட்டர் கிடைத்துவிடும் என்று விளக்கினேன். கிழக்குப் பார்த்த வீடுகளின் போர்கள் ஏற்கெனவே தெருப்பக்கம்தான் இருக்கின்றன. பின்புறத்தில் போர் போடுவது ஒரு வரிசை வீடுகள் மட்டுமே. அவர் மறுக்கவில்லை, வாஸ்து பார்ப்பவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் கேட்டதில், வடக்குச் சுவரோரம் எங்கே போட்டாலும் தோஷமில்லை என்று பதில் வந்ததாம். கடைசியில் நம் சுவரிலிருந்து 35 அடி தள்ளிப் போர் இறங்கியது. 18 மீட்டர் கேட்டதற்கு ஏறத்தாழ 11 மீட்டர்.

அதே ஆண்டு ஆவணியில், இரண்டு வருடம் முடிந்ததும், முதல் அறையின் மூடியைத் திறந்து, வெள்ளைத் துண்டு சுற்றிய நீண்ட கழியை அடிவரை இறக்கி அளந்தோம். துண்டில் கறுத்த கறை 38 செ.மீ. உயரம் இருந்தது. லாரியை மழைக்கு முன்பே, புரட்டாசியில் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல் ஒரு சாண் கசடை விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன், உடனே அறைக்குள் நல்ல தண்ணீரும் நிரப்பச் சொன்னேன். மாடிக்கான கம்பிகள் தூண்களின் உச்சியில் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்டுப் பால் பூசி அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மகன் இந்தத் தையில் மறுபடியும் பேச்செடுத்திருக்கிறார்.